சிலாபத்தில் திரும்பிய வான்

என் ஒரே அண்ணா, என் பெரிய தலையிடியே,

உன்னை நீங்கள் என்று சொல்லச் சொல்லிப் பெரியப்பா எத்தனை தரம் ஏசியிருப்பார். நான் சொல்லவில்லை. இப்போது செத்துப்போன மனிசன் என்று மரியாதை கொடுத்து எழுதினால், வேறு யாருக்கோ எழுதுகிறாள் என்று நீ திரும்பியும் பார்க்கமாட்டாய். அதனால் நீ என்றே எழுதுகிறேன். ஊர் வாசிக்கட்டும்.

முப்பத்தோராம் நாளுக்கு அச்சடித்த நினைவு மலரில் எனக்கும் ஒரு பக்கம் விட்டிருந்தார்கள். நம் ஊர் பேசாலையில் உன்னோடு ஒரு நாளும் முகம் கொடுத்துக் கதைக்காதவர்கள்கூட உன்னை விடிவெள்ளி என்று எழுதிக் கொடுத்தார்கள். நான் ஒரு சொல்லும் கொடுக்கவில்லை. "தங்கச்சிக்காரிக்கு வாய்தான் நீளம், கை ஓடாது" என்று யாரோ சொன்னதும் என் காதுக்கு வந்தது. சொல்லட்டும். இப்போது ஆண்டுப் பூசைக்கு இன்னொரு மலர் அடிக்கிறார்கள். இதை அதில் போடச் சொல்லிக் கொடுக்கப் போகிறேன்.

முதலில் வீட்டுப் புதினம். உன் மீன்பிடிப் போட்டை மச்சாளின் தம்பி ஓட்டுகிறான். எஞ்சின் இன்னும் பழைய சண்டித்தனம்தான். உன் மகள் டிலானி என்னைவிட உயர்ந்துவிட்டாள், என் சட்டைகளை அவளுக்கு அளவெடுத்து இறக்கித் தைக்கிறேன். சின்னவன் றொசானுக்கு முன்பல் முளைத்துவிட்டது. மேற்குப் பக்கத்து வேலியை நான்தான் அடைப்பித்தேன். உன் மனிசி ரஜனி, என் மச்சாள், போன கிழமை வரைக்கும் என்னோடு ஒரு வார்த்தை கதைக்கவில்லை.

ஒரு வளவுக்குள் இரண்டு வீடு. கிணறு ஒன்று. என்னிடம் ஏதாவது சொல்ல வேண்டும் என்றால் பிள்ளைகளிடம் சொல்லுவாள். "மாமியிட்டச் சொல்லு, கறிவேப்பிலை வேணுமாம் எண்டு." நான் அவளுக்கு எதிரிலேயே நிற்பேன். பிள்ளை பாவம், எனக்கு ஒரு அடி முன்னால் வந்து நின்று அதையே திரும்பச் சொல்லும். நானும் கறிவேப்பிலையைப் பிள்ளையின் கையில் கொடுப்பேன்.

நீ செத்த நாளில் உனக்கு என்ன நடந்தது என்று எனக்குச் சொல்லியிருக்கிறார்கள். எங்களுக்கு என்ன நடந்தது என்று உனக்கு ஒருவரும் சொல்லியிருக்கமாட்டார்கள். அதைச் சொல்கிறேன், கேள்.

றொசான் கோயிலில் முதல்நன்மை வாங்கினதற்குச் சைக்கிள் வாங்கித் தருகிறேன் என்றாய். அவன் சைக்கிள் வேண்டாம், ரீவியில் காட்டுகிற அந்தத் தண்ணிப் பூங்காவுக்குப் போக வேண்டும் என்று நின்றான். கொழும்புக்கும் அங்கால். நீயும் சரி என்றாய், சேவியர் அண்ணை ஓட்டுகிற வாடகை வானும் பிடித்தாய், நாளும் வைத்தாய். கடைசியில் காற்று விட்டுவிட்டது. "கிழமைக் கணக்கா அடிச்ச காத்து இண்டைக்குத்தான் படுத்திருக்கு, நான் கடல் தொழிலுக்குப் போறன், நீங்கள் போட்டு வாங்கோ" என்றாய். மச்சாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வானில் ஏறினாள். நீ யன்னலுக்குள்ளால் றொசானின் நீந்துகிற ரியூப்பைத் தந்து, "இப்பவே ஊதாத, அங்கை போய் ஊது" என்றாய். மன்னார்ப் பாலம் தாண்ட முன்னரே அவன் ஊதி இடுப்பில் மாட்டிவிட்டான்.

சிலாபம் தாண்டி ஒரு தேத்தண்ணிக் கடையில் நிறுத்தினோம். மச்சாளும் பிள்ளைகளும் உள்ளே ஒரு நீள வாங்கில் இருந்தார்கள். எனக்குப் பெரியப்பாவின் கோல் வந்தது.

"பிள்ளை, பக்கத்தில ஆர்?"

"ஒருத்தரும் இல்லை, பெரியப்பா."

"அழக்கூடாது. கத்தக்கூடாது. கொண்ணன் போயிட்டான், பிள்ளை."

வலை இழுத்துக்கொண்டு நின்றாயாம். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு குந்தினாயாம். கரைக்குக் கொண்டுவர முன்னமே முடிந்துவிட்டதாம். இதையெல்லாம் பெரியப்பா கருவாட்டு விலை சொல்வதுபோல ஒரே குரலில் சொன்னார். அந்த மனிசனும் அழக்கூடாது என்றுதான் அப்படிச் சொல்லியிருப்பார் என்று இப்போது நினைக்கிறேன்.

"ரஜனிக்கும் பிள்ளையளுக்கும் மூச்சு விடாத. வழியில சொன்னா அவள் வானால குதிச்சிடுவாள். திருப்பிக்கொண்டு வா. சொல்லுறதை வீட்டை வந்தாப் பிறகு நாங்கள் சொல்லிக்கொள்ளுறம்."

அது நம் ஊர் முறைதானே, அண்ணா. வெளியூரில் நிற்கிறவருக்கு நாம் சாவைச் சொல்வதில்லை. கொஞ்சம் வருத்தம் கடுமை என்போம், ஆசுப்பத்திரியில் வைத்திருக்கு என்போம். வீட்டுப் படலைக்கு வந்து, சனத்தைக் கண்டு, அவர்களாக விளங்கிக்கொள்ள வேண்டும். வவுனியாவில் படித்துக்கொண்டிருந்த நம் மாமன் மகளுக்கு அவள் தகப்பன் செத்ததை நீயும் நானும் அப்படித்தான் மறைத்துக் கூட்டி வந்தோம். பஸ்ஸில் அவளுக்கு நீ கச்சான் கடலை வாங்கிக் கொடுத்தாய். அன்று அது எனக்குப் பிழையாகப் படவே இல்லை.

உனக்குக் கடுமை என்று சொன்னால் மச்சாள் உடனே உன் நம்பருக்கு எடுப்பாள். அதனால் உன் பெயரையே எடுக்கவில்லை. பூங்காவில் தண்ணி மோட்டர் பழுதாம், இன்றைக்குப் பூட்டு என்று சேவியர் அண்ணைக்குத் தெரிந்த ஆள் சொன்னதாகச் சொன்னேன். மச்சாள், அப்படியென்றால் மிருகக்காட்சிச்சாலைக்குப் போவோம் என்றாள். வானில் ஏதோ சத்தம் கேட்கிறது, கனதூரம் ஓடாது என்றேன். கொழும்புவரை ஓடாத வான் பேசாலைவரை எப்படி ஓடும் என்று அவள் கேட்கவில்லை. சேவியர் அண்ணை, நான் வாய் திறக்க முன்னமே என் முகத்தைப் பார்த்து ஏதோ விளங்கிக்கொண்டார். கடைக்குப் பின்பக்கம் கூட்டிப்போய்ச் சொன்னேன். பிறகு அவர் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, வானின் துடைத்த கண்ணாடியையே திரும்பத் திரும்பத் துடைத்தார்.

மச்சாளின் போனைச் சார்ஜ் போடுகிறேன் என்று வாங்கி, நிறுத்தி, என் பைக்குள் போட்டேன். ஊரிலிருந்து யாராவது எடுத்து அழுதால் என்ன செய்வது? ஆனால் அந்தப் போனில்தானே பிள்ளைகள் படம் பார்ப்பார்கள். பூங்காவும் இல்லை, போனும் இல்லை. றொசான் ரியூப்பைக் கட்டிப் பிடித்துக்கொண்டு கதறினான். டிலானி யன்னலுக்கு வெளியே பார்த்தாள்.

மச்சாள்தான் சொன்னாள். "பாவம் பிள்ளையள். பவுலின், உனக்கு வாய் இருக்குத்தானே. ஏதாவது சொல்லிச் சிரிக்க வையன்."

வைத்தேன், அண்ணா. நான் தொடங்கினால் யார்தான் சிரிக்காமல் இருந்திருக்கிறார்கள்?

"இந்த வான்தான் பூங்கா, சேவியர் அண்ணைதான் மோட்டர்" என்றேன். ரோட்டில் மேடு வந்தால் எல்லோரும் கையைத் தூக்கிக் கத்த வேண்டும். வளைவு வந்தால் வளைவுப் பக்கம் சரிந்து விழ வேண்டும். தண்ணிப் போத்தலில் ஓட்டை குத்தி அவர்கள் முகத்தில் அடித்தேன். புத்தளத்தில் கழுதைகள் நின்றன. இடப்பக்கக் கழுதை டிலானிக்கு, வலப்பக்கக் கழுதை றொசானுக்கு, யாருக்குக் கூட என்று பார்ப்போம் என்றேன். "எங்கட மன்னார்க் கழுதையள் எங்களுக்கு முன்னம் சுற்றுலா வந்து நிக்குதுகள்" என்றான் றொசான். அவன் சொன்ன பகிடிக்கு அவனே சிரித்தான். நானும் சிரித்தேன். உண்மையாகவே சிரித்தேன். அதைத்தான் என்னால் இன்னும் பொறுக்க முடியவில்லை.

அநுராதபுரத்துக்குக் கிட்ட பெரியப்பா திரும்ப எடுத்தார். மரண விசாரணை முடியவில்லை, பெட்டி வர நேரமாகும், நாங்கள் ஆறுதலாக வரட்டாம். பெஞ்சாதி வரும்போது வீட்டில் எல்லாம் ஒழுங்காக இருக்க வேண்டுமாம். "சரி, அன்ரி" என்று சொல்லிப் போனை வைத்தேன். தைக்கக் கொடுத்த ஒருத்தி என்று மச்சாளிடம் சொன்னேன். அதுவரை வேகமாகக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும் என்று நினைத்தேன். இனி மெதுவாகக் கொண்டுபோக வேண்டும். குளக்கட்டில் நிறுத்திக் குரங்குக்குப் பாண் பிய்த்துப் போட்டோம். ஒரு மரத்தடியில் இறங்கி, நீ கட்டித் தரச் சொன்ன புட்டும் மீன்பொரியலும் சாப்பிட்டோம். நானும் சாப்பிட்டேன். சாப்பிடாவிட்டால் ஏன் என்று கேட்பாளே.

மெதவாச்சி ரோட்டில் பிள்ளைகளுக்கு அலுத்துவிட்டது. ஊர் ஆட்களைப் போலச் செய்து காட்டச் சொன்னார்கள். திருவிழாவில் ஒலிபெருக்கியில் அறிவிக்கிறவரைச் செய்தேன். "சிவப்புச் சட்டை போட்ட ஆம்பிளைப் பிள்ளை ஒண்டு கோயில் வாசல்ல அழுதுகொண்டு நிக்குது. தாய் தகப்பன் கச்சான் வாங்கினது போதும், உடனடியா வரவும்." மீன் ஏலம் கூறுகிறவரைச் செய்தேன். பெரியப்பாவைச் செய்தேன். பிறகு றொசான் முன் சீற்றைப் பிடித்துக்கொண்டு எழும்பினான்.

"மாமி, அப்பா மாதிரிச் செய்யுங்கோ."

நான் முடியாது என்றேன். களைத்துப் போனேன் என்றேன். மச்சாள் விடவில்லை. "செய், செய். வராமல் விட்டவருக்கு அதுதான் தண்டனை" என்றாள். சேவியர் அண்ணை கண்ணாடிக்குள்ளால் என்னைப் பார்த்தார். பிறகு பார்வையை எடுத்துவிட்டார்.

செய்தேன். எஞ்சின் கயிற்றை இழுத்து இழுத்து அது எழும்பாவிட்டால் நீ கெஞ்சுவாயே, "எழும்படி என்ர ராசாத்தி, சனம் பாக்குது" என்று, அதைச் செய்தேன். செபமாலை சொல்லும்போது ஐந்து காரணிக்கத்தில் இரண்டாவதிலேயே நித்திரையாகி, எல்லோரும் முடித்த பிறகு திடுக்கிட்டு எழும்பி "ஆமென்" என்று கத்துவாயே, அதையும் செய்தேன். உன் குரல் அன்றைக்கு அப்படியே வந்தது. எனக்கே பயமாக இருந்தது. மச்சாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சரிந்துவிட்டாள். கண்ணால் தண்ணீர் வரச் சிரித்தாள். "நிப்பாட்டு பவுலின், வயிறு நோகுது" என்றாள். பிறகு மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னாள், "வீட்டை போன உடன இதை அவருக்கு முன்னால ஒருக்காச் செய்து காட்ட வேணும். பாக்கட்டும்."

நீ அப்போது மன்னார் ஆசுப்பத்திரியில் கிடந்தாய்.

மடுச் சந்தியில் அவளே நிறுத்தச் சொன்னாள். இவ்வளவு தூரம் வந்து மாதாவைப் பார்க்காமல் போவதா என்றாள். பிந்துவதுதானே வேண்டும் என்று நானும் தலையாட்டினேன். வானைத் திருப்பி உள்ளே கோயிலுக்குப் போனோம், அங்கே மெழுகுதிரி வாங்கினாள். நெருப்புப்பெட்டி இல்லை. என் பைக்குள் இருந்ததை எடுத்துக் கொடுத்தேன். கொளுத்திவிட்டு எனக்குக் கேட்கத்தக்கதாகச் சொன்னாள், "அவருக்குக் கடல் நல்லா இருக்கவேணும், தாயே. மீன்பாடு நல்லாப் படவேணும்." நான் பக்கத்தில் முழந்தாளில் நின்றேன். மாதாவை நிமிர்ந்து பார்க்க எனக்கு முகம் இருக்கவில்லை.

பேசாலைக்குக் கிட்ட ரோட்டில் கறுப்பும் வெள்ளையுமாகக் கொடி கட்டியிருந்தார்கள். டிலானிதான் முதலில் கண்டாள். மச்சாள் சிலுவை அடையாளம் போட்டாள். "ஆரோ தெரியேல்லை. ஆத்துமம் இளைப்பாறட்டும். சேவியர் அண்ணை, நிப்பாட்டி ஆரெண்டு கேளுங்கோவன்." சேவியர் அண்ணை நிறுத்தவில்லை. காது கேட்காதவர்போல ஓட்டினார். கொடி நம் ஒழுங்கைக்குள் திரும்பியது, வானும் திரும்பியது.

அன்று உனக்காகக் கோயிலில் துக்க மணி அடித்திருப்பார்கள். மீன்வாடியில் நின்றவனுக்குக் கேட்டது, வலைக் கிழிசல் பொத்திக்கொண்டிருந்தவனுக்குக் கேட்டது, உன்னோடு கோபமாக இருந்தவனுக்கும் கேட்டது. உன் மனிசி மட்டும் குரங்குக்குப் பாண் போட்டுக்கொண்டிருந்தாள்.

சனத்தைக் கண்டதும் பிள்ளைகள் குழம்பிப் போனார்கள். றொசான் இடுப்பில் ரியூப்போடு முதலில் இறங்கி, என்ன புதினம் என்று பார்க்க ஓடினான். பெண்கள் அவனைக் கண்டதும் குரல் வைத்து அழத் தொடங்கினார்கள். யாரோ அவனைப் பிடித்து, ரியூப்பைக் கழற்றத் தெரியாமல் கத்தியால் குத்திக் காற்றை விட்டார்கள். அவன் முதலில் அழுதது அதற்குத்தான்.

மச்சாள் இறங்கவில்லை. கத்தவும் இல்லை, குதிக்கவும் இல்லை. என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"எப்பத் தெரியும்?"

"சிலாபத்தில."

அவ்வளவுதான். இறங்கி உன்னிடம் போனாள். நீ கலியாணக் கோட்டோடு, மூக்கில் பஞ்சோடு, எல்லாம் ஒழுங்காகக் கிடந்தாய்.

அடக்கம் முடிந்த அன்று ஒரு தரம் மட்டும் என்னிடம் சொன்னாள். "நான் செத்த மனிசனுக்குக் கடல் நல்லா இருக்கவேணும் எண்டு மெழுகுதிரி கொளுத்தினன். நீ பக்கத்தில நிண்டு நெருப்புப்பெட்டி தந்தனி." பெரியப்பா சொன்னார் என்று சொன்னேன். "பெரியப்பாவோ வானுக்க இருந்தவர்?" என்று கேட்டுவிட்டுப் போனாள். அதோடு கதை நின்றது.

நான் பெரியப்பாவிடம் போய்ச் சண்டை பிடித்தேன். அவர் அசையவில்லை. "நீ சரியாத்தான் செய்தனி, பிள்ளை. குதிச்சிருந்தா?" என்றார். குதித்திருப்பாளா, அண்ணா? நீ அவளோடு இவ்வளவு காலம் வாழ்ந்தவன், நீ சொல்லு. மச்சாள் குதிக்கிற ஆளா? நான் அந்த வானில் அவளுக்குப் பக்கத்தில்தானே இருந்தேன். என் இரண்டு கையும் சும்மாதானே இருந்தன.

உன்னோடும் எனக்குக் கோபம். ஒரு நாள் காற்று விட்டதென்று போனாயே. வந்திருந்தால் வானில் எங்களுக்குப் பக்கத்தில் செத்திருப்பாய். அந்தளவாவது எங்களுக்குக் கிடைத்திருக்கும். இப்படி எழுதலாமா என்று யாராவது கேட்டால் கேட்கட்டும். அழுதழுது எழுதுகிறவளுக்கு நல்லது கெட்டது தெரியாது.

மச்சாள் கதைக்காததைப் பொறுத்துக்கொள்வேன். பிள்ளைகளைத்தான் பொறுக்க முடியவில்லை. சில மாதம் போனபின் ஒரு நாள், றொசான் சோறு தின்ன மாட்டேன் என்று நின்றான். நான் மீன் ஏலக்காரரைப் போலச் செய்தேன். அவன் சிரிக்கவில்லை. சோற்றுக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு என் முகத்தை நன்றாகப் பார்த்தான்.

"மாமி, ஆர் செத்தது?"

ஒருத்தரும் இல்லையடா என்றேன். அவன் நம்பவில்லை. எழும்பிப் போய்த் தாய் இருக்கிறாளா என்று குசினியில் பார்த்தான். டிலானி பள்ளிக்கூடத்தால் வருகிறாளா என்று படலையில் நின்றான். அதன்பிறகு நான் எப்போது பகிடி விட்டாலும் அவன் அதைத்தான் கேட்டான். கொஞ்சம் சத்தமாகச் சிரித்தாலும் கேட்டான். நான் வாயை மூடிக்கொண்டேன், அண்ணா. உன் பிள்ளைகளுக்கு முன்னால் நான் ஊமை. தையல் மெசினை மிதித்துக்கொண்டு தலையைக் குனிந்திருப்பேன்.

போன கிழமை மச்சாள் என் வாசலுக்கு வந்தாள். பிள்ளைகள் பின்னால் நின்றார்கள். பிள்ளைகளிடம் சொல்லாமல் என்னிடமே சொன்னாள்.

"சேவியர் அண்ணையின்ர வானைச் சொல்லு. சிலாபத்துக்குப் போகவேணும். பிள்ளையளும் வரட்டும்."

"ஏன் மச்சாள்?"

"அண்டைக்கு எனக்குத் தராத வழியை எனக்குத் தா."

விடிய முன்னம் புறப்பட்டோம். நான் அவளுக்குப் பக்கத்தில், அன்று இருந்த இடத்தில் இருந்தேன். சேவியர் அண்ணை பாட்டுப் போடவில்லை. அந்தோனியார் சுரூபத்துக்கு முன்னால் நிறுத்திக் காசு போட்டார், அவ்வளவுதான். மேடுகள் வந்தன, ஒருவரும் கையைத் தூக்கவில்லை. றொசான் எனக்கு எதிர்ப்பக்கம் ஒட்டிக்கொண்டு இருந்தான்.

அந்தத் தேத்தண்ணிக் கடை அப்படியே இருந்தது. மச்சாள் உள்ளே போய் அதே வாங்கில் இருந்தாள். பிள்ளைகளை இரு பக்கமும் இருத்தினாள். நான் வெளியே போன் வந்த இடத்தில் நின்றேன். கால் தானாக அங்கே போய்விட்டது.

"இப்ப வந்து சொல்லு" என்றாள். "பெரியப்பா சொன்ன மாதிரி வேண்டாம். உன்ர குரல்ல சொல்லு."

எனக்கு எல்லோருடைய குரலும் வரும். என்னுடையதுதான் வரவில்லை. உள்ளே போய் அவளுக்கு முன்னால் நின்றேன். வாங்கின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன்.

"மச்சாள், அண்ணை செத்துப் போனார். காலமை, வலை இழுக்கேக்க. பெரியப்பா இப்பத்தான் எடுத்தவர்."

மச்சாள் கத்தினாள். வாங்கிலிருந்து நழுவி நிலத்தில் விழுந்து, உன் பெயரைச் சொல்லிக் கத்தினாள். டிலானி அவளின் முதுகில் விழுந்து அழுதாள். றொசான் வாங்கில் விறைத்துப்போய் இருந்தான், பிறகு அவனும் இறங்கித் தாயின் மடிக்குள் புகுந்தான். நான் மூன்று பேரையும் சேர்த்துப் பிடித்தேன். சாகிற ஆளின் பலம் அவளுக்கு. ஆனால் என் கைக்குள் நின்றாள், அண்ணா. பிடிக்கலாம். அன்றைக்கும் பிடித்திருக்கலாம்.

கடைக்கார மனிசி தண்ணீர் கொண்டு ஓடி வந்தாள். என்ன நடந்தது என்று சேவியர் அண்ணையிடம் சிங்களத்தில் கேட்டாள். இந்தப் பிள்ளையின் புருசன் செத்துப் போனார் என்றார் அவர். ஐயோ, எப்போது என்று கேட்டாள்.

"இப்பத்தான்" என்றார் சேவியர் அண்ணை.

திரும்பி வரும் வழி முழுக்க அழுதோம். புத்தளத்தில் அழுதோம், அநுராதபுரத்தில் அழுதோம். உன்னை ஏசிப் பேசினாள். கடலுக்குப் போனதற்குப் பேசினாள், மீன்பொரியல் கட்டச் சொன்னதற்குப் பேசினாள். என்னையும் பேசினாள், வாயில் வந்த எல்லாம் சொல்லிப் பேசினாள். நான் ஓம் ஓம் என்று கேட்டுக்கொண்டிருந்தேன். மடுச் சந்தியில் நிறுத்தச் சொல்லவில்லை. மன்னார்ப் பாலத்தில் அவள் என் தோளில் சாய்ந்தாள் என்று எழுத ஆசைதான், ஆனால் சாயவில்லை. கதவுப் பக்கம் தலையை வைத்துக்கொண்டு வந்தாள்.

வீட்டுக்கு வந்து இறங்கி, முகம் கழுவிவிட்டு, கிணற்றடியில் நின்றபடியே என்னைப் பார்த்துச் சொன்னாள். "பவுலின், நாளைக்கு றொசானைப் பள்ளிக்கூடத்துக்கு நீ கூட்டிக்கொண்டு போ."

அடுத்த நாள் அவனோடு நடந்து போனேன். நான் ஒரு பகிடியும் விடவில்லை. பாதி வழியில் அவனாகத்தான் என் கையைப் பிடித்தான்.

அண்ணா, உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். பெரியப்பாவும் வாசிக்கட்டும், ஊரும் வாசிக்கட்டும். இனி நம் வீட்டில் யார் போனாலும், அந்தச் செய்தி முதலில் என்னிடம் வந்தால், அது வந்த இடத்திலேயே சொல்லுவேன். ரோட்டில் வந்தால் ரோட்டில் சொல்லுவேன், கடையில் வந்தால் கடையில் சொல்லுவேன். யாரையும் சிரிக்க வைத்துச் சாவீட்டுக்குக் கூட்டி வரமாட்டேன். குதிக்கிறவரைப் பிடிக்கத்தானே சொந்தக்காரர் பக்கத்தில் இருக்கிறது. நான் போகிற நாளில் எனக்கும் அப்படியே செய்யச் சொல்லி உன் பிள்ளைகளிடம் சொல்லிவிட்டேன். டிலானி ஓம் என்றாள்.

உன்னோடு கூடப் பிறந்த ஒரே சகோதரம்,
பவுலின்